தாத்தாவோட தொட்டிகள்

9ஆம் நம்பர் அக்கா (தாத்தா மகள்): எல்லாருக்கும் வணக்கம். அப்பா காரியம் நல்லபடியா முடிஞ்சுது. வீட்டைப் பூட்டிட்டு ஞாயித்துக்கிழமை கிளம்பறோம். மாடியில நாப்பது தொட்டிக்கு மேல இருக்கு, வாட விட மனசில்ல. யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கோங்க.

மூலைவீட்டு மாமா: எடுத்துக்கறோம்மா. நீல டிரம்ல இருக்கற குண்டுமல்லியை மட்டும் கவாத்து பண்ணாம யாரும் தூக்காதீங்க. தாத்தா நவம்பர் கடைசி வாரம் தவறவே மாட்டார். நாள் வந்தாச்சு.

11ஆம் நம்பர்: எவ்ளோ வெட்டணும் மாமா?

மூலைவீட்டு மாமா: மண்ணுலேர்ந்து ஒன்றரை அடி விட்டுட்டு மேல மொத்தமும். மிச்ச இலையையும் உருவிடணும்.

11ஆம் நம்பர்: மொட்டையா ஆயிடுமே 😟

மூலைவீட்டு மாமா: ஆகட்டும். மல்லி புதுத் தளிர்லதான் மொட்டு வைக்கும். பழைய குச்சியைப் பாவம் பார்த்து விட்டா பங்குனியில இலைதான் பறிக்கலாம். முல்லைக்கு இப்ப கை வைக்காதீங்க, அது ஜனவரி கடைசி. ரெண்டையும் ஒரே நாள்ல வெட்டறவங்களைக் கண்டா தாத்தாவுக்கு ஆகாது.

மாடிவீட்டு அக்கா: மழை நின்னு ரெண்டு நாள் வெயில் பார்த்துட்டு வெட்டுங்க. ஈரத்துல வெட்டினா வெட்டுவாயில பூஞ்சை ஏறி குச்சி மேலேர்ந்து கறுத்துட்டே வரும். சாணியும் மஞ்சத்தூளும் குழைச்சு அப்புவார். துளிர் தெரிஞ்சப்புறம் ரெண்டு கை தொழு உரம். கடலைப் புண்ணாக்கை அப்படியே போடாதீங்க, எறும்பும் பூஞ்சையும் வரும். மூணு நாள் ஊறவெச்சு, ஒரு மக் கரைசலுக்குப் பத்து மக் தண்ணி.

6ஆம் நம்பர் தம்பி: அந்த டிரம்ல தண்ணி தேங்கி நிக்குது. இப்பதான் பார்த்தேன்.

மூலைவீட்டு மாமா: அடி ஓட்டை அடைச்சிருக்கும். கம்பியைக் கீழேர்ந்து மேல விட்டுக் குத்து. மேலேர்ந்து குத்தினா வேர் அறுந்துடும். ஓட்டை மேல ஓட்டுச்சில்லு கவுத்திருப்பார், அது நகராமப் பார்த்துக்கோ.

11ஆம் நம்பர்: செம்பருத்தி நான் எடுத்துக்கறேன். நுனியெல்லாம் வெள்ளையா அப்பியிருக்கே?

மாடிவீட்டு அக்கா: மாவுப்பூச்சி. அந்த நுனிகளை வெட்டிப் பையில கட்டிப் போட்டுடு, தொட்டியடியில போடாத. ஒரு லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி. எண்ணெய்ல சோப்புக் கரைசலைக் குழைச்சப்புறம்தான் தண்ணி ஊத்தணும், இல்லேன்னா எண்ணெய் தனியா மிதக்கும். சாயந்தரம் அடி, வெயில்ல அடிச்சா இலை கருகும். முட்டைக்கு மேல மெழுகு இருக்கறதால ஒரு தடவைல போகாது. ஏழு நாள் கழிச்சு மறுபடி.

மூலைவீட்டு மாமா: சுவர்ல உரசற கிளையையும் எடுத்துடும்மா. எறும்புக்கு அதுதான் பாலம். அந்தப் பூச்சி விடற இனிப்புக்காக எறும்பே அதைக் காவல் காக்கும்.

9ஆம் நம்பர் அக்கா: பரண்ல பிஸ்கட் டப்பா நிறைய நாள்காட்டித் தாள் மடிச்சு வெச்சிருக்கார். தூக்கிப் போட இருந்தேன்.

மாடிவீட்டு அக்கா: ஐயோ, போட்டுடாதீங்க அக்கா! விதைப் பொட்டலம் அது. விதை எடுத்த அன்னிக்குத் தேதித்தாளைக் கிழிச்சு அதுலயே மடிப்பார். தாள்ல இருக்கற தேதிதான் விதையோட வயசு.

6ஆம் நம்பர் தம்பி: ஒண்ணுல 2022 இருக்கு. வெண்டை. முளைக்குமா?

மாடிவீட்டு அக்கா: பத்து விதையை ஈரத்துணியில சுத்தி வை. துணி காயக்கூடாது, சொட்டவும் கூடாது. அஞ்சாறு நாள்ல ஏழு முளைச்சா தாராளமா போடலாம். மூணு நாலுன்னா குழிக்கு ரெண்டுக்கு பதிலா நாலு போடு.

9ஆம் நம்பர் அக்கா: எல்லாத்துலயும் பேர் எழுதியிருக்கார். மேலயே இருக்கறதுல மட்டும் இல்ல. தேதி போன மாசம்.

மூலைவீட்டு மாமா: விதை எப்படிம்மா இருக்கு?

9ஆம் நம்பர் அக்கா: கறுப்பு. தட்டை. தடவினா சொரசொரன்னு இருக்கு.

மாடிவீட்டு அக்கா: பீர்க்கு. வழவழன்னு இருந்தாதான் நுரைப்பீர்க்கு. படிக்கட்டுப் பந்தல்ல ஒரு காயை முத்தவிட்டு வெச்சிருந்தாரே, அதுதான். ஆடி வரைக்கும் காக்க வேண்டாம், தைப்பட்டத்துக்கும் வரும்.

6ஆம் நம்பர் தம்பி: எத்தனை இருக்கு அக்கா?

9ஆம் நம்பர் அக்கா: பதினொண்ணு.

மூலைவீட்டு மாமா: எட்டு போடலாம். மூணை அந்தத் தாள்லயே திருப்பி மடிச்சு வைம்மா.