முன்வாசல் புல்தரை திட்டுத் திட்டா காயுது, பெயர்த்துடலாமா?

கேள்வி: சுமார் 40 சதுர மீட்டர். நடுவில் மஞ்சள், ஓரத்தில் மொட்டைத் திட்டுகள். தண்ணீர் விட்டா இறங்காம வழிஞ்சோடுது. யூரியா போட்டும் பலனில்லை. புதுசா பதிக்கலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. ஈர மண்ணில் ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்க. 10 செ.மீ. இறங்க அடம்பிடிச்சா மண் இறுகிக் கிடக்கு. வேருக்குக் காற்றே போகாதப்போ உரம் என்ன பண்ணும்? மண்ணைத் துண்டு துண்டாப் பிடுங்கி எடுக்கிற குழல்முள் கருவியால 7 செ.மீ. ஆழத்துக்கு, 10 செ.மீ. இடைவெளியில் துளை போடுங்க. ஆணிச் செருப்பு வேண்டவே வேண்டாம், சுத்தியுள்ள மண்ணை இன்னும் நெருக்கிடும். அப்புறம் சலிச்ச மட்கு உரம் 5 மி.மீ. தூவி (மொத்தம் 200 லிட்டர் பிடிக்கும்) துடைப்பத்தால துளைக்குள்ள தள்ளுங்க. புல் நுனி வெளியே தெரியணும்.

பதில் 2: முதல்ல திட்டோரப் புல்லைக் கொத்தா இழுங்க. பாய் மாதிரி சுருண்டு வந்தா, வேரை வெள்ளைப்புழு தின்னிருக்கு. அதை ஒழிக்காம எதைப் பதிச்சாலும் போயிடும்.

கேட்டவர்: வேர் கெட்டியா இருக்கு. ஸ்க்ரூடிரைவர்தான் 3 செ.மீ.யில் நின்னுடுச்சு.

பதில் 1: அப்போ துளைதான். யூரியா புதுத் தளிர் வந்த பிறகு, சதுர மீட்டருக்கு 10 கிராம். இலை காய்ஞ்சிருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விடுங்க, இல்லேன்னா கருகும்.