பிராடோவா, மொன்டெரோவா? எங்கள் பக்க ஓட்டத்துக்கு லீற்றருக்கு உண்மையில் எவ்வளவு ஓடும்?

பட்டிருப்பான்:

எல்லோருக்கும் வணக்கம். இருப்பது களுவாஞ்சிக்குடி. கல்முனையில் ஹாட்வெயார் கடை, வெல்லாவெளிப் பக்கம் வயல். வீட்டில் ஆறு பேர், அம்மாவுக்கு முழங்கால் நோ. அதனால் கொஞ்சம் பெரிய ஜீப்பாக ஒன்று வாங்க யோசிக்கிறேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2016 பிராடோ 2.8 டீசல், ஜப்பானிலிருந்து வந்தது. மற்றது 2012 மொன்டெரோ 3.2 டீசல்.

பிராடோக்காரர் லீற்றருக்கு 14 கிலோமீற்றர் தாராளமாக ஓடும் என்கிறார். வண்டித் திரையிலும் 13.6 என்று காட்டினார். மொன்டெரோக்காரர் 8 என்று மட்டும் சொன்னார். இவ்வளவு வித்தியாசம் இருக்குமா? பிராடோ விலை நிறையக் கூட. எண்ணெயில் மிச்சம் பிடிக்கலாம் என்றால்தான் அதற்குத் துணியலாம்.

தினமும் கல்முனை போய்வருவேன், இடையில் வயலுக்கு, மாதத்தில் ஒரு தடவை குடும்பத்தோடு கொழும்பு. ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று வாசி:

சகோதரர், எங்கள் வீட்டில் இருப்பது அதே மொன்டெரோ 3.2. பெரும்பாலும் நான்தான் ஓட்டுவேன். அக்கரைப்பற்று, கல்முனை, பிள்ளைகளின் வகுப்பு என்று சுற்றினால் 7. நீண்ட ஓட்டத்தில் 9, சில நேரம் அதற்குச் சற்று மேல். ஆகவே 8 சொன்னவரை நான் நம்புவேன்.

ஒன்று கவனியுங்கள். மொன்டெரோவில் தார் ரோட்டில் பின்சக்கரத்தை மட்டும் இயக்கி ஓடலாம், அதற்கென்று சின்ன லீவர் இருக்கிறது. வாங்கிய பலர் அதை நாலு சக்கரத்திலேயே விட்டுவிட்டு எண்ணெய் குடிக்கிறது என்கிறார்கள். பிராடோவில் அந்த வசதி இல்லை, அது எப்போதும் நாலு சக்கரமும் இயங்கும் வண்டி.

ரன்னிங் சாட்:

தம்பி, பிராடோ உங்கள் ஓட்டத்துக்கு 14 தராது. தெளிவாகவே சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையோரத்தில் திட்ட வாகனங்கள் ஓட்டியவன் நான். முதலில் 4.2 லேண்ட் குரூஸர், பிறகு பிராடோ, மொன்டெரோ எல்லாம். ஒவ்வொரு முறை எண்ணெய் அடிக்கும்போதும் ரன்னிங் சாட் என்ற ஓட்டப் பதிவுத்தாளில் மீற்றரையும் லீற்றரையும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்றைக்கும் என்னை விடவில்லை. என் கணக்கில் பிராடோ 2.8 டீசல் ஊருக்குள் 8, நீண்ட ஓட்டத்தில் 10 இலிருந்து 11. மொன்டெரோவுக்கு அக்கரைப்பற்றுத் தங்கை சொன்னது சரி. பிராடோ பெற்றோல் 2.7 என்றால் ஊருக்குள் 6 கூடச் சிரமம்.

இந்த 2.8 வண்டிக்கு ஜப்பானில் ஜேசி08 என்ற சோதனையில் கொடுத்த எண்ணே 11.8 தான். அந்தச் சோதனை சோதனைக்கூடத்தில் உருளை மேல் வைத்துச் செய்வது. ஏசி போடுவதில்லை, அதிக வேகம் 82 ஐத் தாண்டாது. எங்கள் பக்கத்தில் ஏசி இல்லாமல் ஆறு பேரை ஏற்றி ஓட முடியுமா? அப்படியிருக்க 14 எங்கிருந்து வரும்? திரையில் தெரிவது கடைசியாக மீற்றரைப் பூச்சியமாக்கியதிலிருந்து உள்ள சராசரி. புணானை, வெலிக்கந்தைப் பக்கம் வெறும் ரோட்டில் பூச்சியமாக்கி, ஒரே சீராக 60 இல் ஓடிப் படம் எடுத்தால் அப்படி ஒரு எண் வரும். அதை வைத்து விலை பேசக்கூடாது.

உங்கள் ரோட்டை யோசியுங்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனை வரைக்கும் ஊர் விட்டால் ஊர். பாடசாலை, சந்தை, திரும்பும் ஆட்டோ, நிற்கும் பஸ். இரண்டு தொன்னுக்கு மேல் நிறை உள்ள வண்டியை ஒவ்வொரு முறையும் நிலையிலிருந்து கிளப்ப வேண்டும், பிறகு அந்த வேகத்தையெல்லாம் பிரேக்கில் சூடாக்கி விட வேண்டும். எண்ணெய் அங்கேதான் போகிறது. அதோடு தூரம் குறைவு, எஞ்சின் சரியாகச் சூடேறும்போது கடை வந்துவிடும். 2.8 இல் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தமாக்கக் கூடுதல் டீசலும் நல்ல சூடும் வேண்டும். குட்டி ஓட்டமாகவே ஓடினால் அந்த வேலை பாதியில் நின்று நின்று திரும்பத் தொடங்கும். கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் அடித்து, இடைக்கிடை நீண்ட ஓட்டமும் கொடுங்கள்.

கொழும்புப் பயணத்தில் வேறு கதை. பொலன்னறுவை, ஹபரணை வழி பெரும்பாலும் சமதரை. மஹாஓயா, மஹியங்கனை, பதினெட்டு வளைவு ஏறிக் கண்டி வழியாகப் போனால் எண் இறங்கிவிடும். சமதரையிலும் வேகம் முக்கியம். 70 இலிருந்து 100 க்குப் போனால் எதிர்க்கும் காற்றின் விசை இரண்டு மடங்காகிவிடும். ஜீப்பின் முகமோ அகலமும் உயரமும். ஆடி மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது மேற்கே போனால் 70 இலேயே அந்தப் பாரம் தெரியும். கூரையில் வெறுங்கரியர் இருந்தால் கழற்றி வையுங்கள்.

டயரையும் பாருங்கள். 265/65R17 இருக்க வேண்டிய இடத்தில் 265/70R17 போட்டிருந்தால் சக்கரம் மூன்றரை வீதத்துக்குக் கிட்டப் பெரிது. மீற்றர் 100 காட்டும்போது வண்டி 103 க்கு மேல் ஓடியிருக்கும். அதைத் திருத்தாமல் கணக்குப் போட்டால் வண்டியின் மேல் வீண்பழி.

பட்டிருப்பான்:

அண்ணன், மிக்க நன்றி. தங்கைக்கும் நன்றி. அப்படியென்றால் பிராடோவுக்குக் கூடக் கொடுக்கும் காசு எண்ணெயில் திரும்பி வராதா?

ரன்னிங் சாட்:

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1000 கிலோமீற்றர் என்று வைப்போம். கொழும்பும் ஊரும் சேர்ந்து மொன்டெரோ 8 ஓடினால் 125 லீற்றர். பிராடோ 9.5 ஓடினால் 105. மாதம் 20 லீற்றர் மிச்சம். விலையில் உள்ள வித்தியாசத்தை அந்த 20 லீற்றரின் காசால் பிரித்தால் எத்தனை மாதம் என்று உங்களுக்கே தெரியும். விற்பவர் சொன்ன 14 ஐ நம்பினால் அதே மிச்சம் 54 லீற்றராகத் தெரியும், அதுதான் ஆளை மயக்குவது.

இன்னொன்றும் சொல்கிறேன். 8 ஓடும் வண்டியை 10 ஆக்கினால் ஆயிரத்துக்கு 25 லீற்றர் மிஞ்சும். 12 ஐ 14 ஆக்கினால் 12 லீற்றர்தான். ஆகவே குறைவாக ஓடும் இடத்தைத் திருத்துங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் கடைக்குப் போவதற்கு இரண்டு தொன் எதற்கு? மோட்டார் சைக்கிளில் போங்கள், ஜீப்பை அம்மாவுக்கும் வயலுக்கும் கொழும்புக்கும் வையுங்கள். அப்படி ஓடினால் நான் மொன்டெரோவைத்தான் எடுப்பேன், எஞ்சினும் கியர்பொக்ஸும் நல்ல கையால் பார்க்கப்பட்டிருந்தால்.

எதை எடுத்தாலும் முதலில் விற்பவரோடு ஒரு ஓட்டம் போங்கள். தரை மட்டமான எண்ணெய் செட்டில் பம்ப் தானாக நிற்கும் வரை அடித்து, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். மட்டக்களப்பைத் தாண்டி வாழைச்சேனை வரை போய், திரும்பி அதே பம்பில், அதே பக்கம் பார்த்து நிறுத்தி, தானாக நிற்கும் வரை அடியுங்கள். ஓடிய தூரத்தை லீற்றரால் பிரியுங்கள். தூரத்தைக் கைபேசி வரைபடத்திலும் சரிபாருங்கள். ஏசி போட்டு, வீட்டு ஆட்களில் நாலு பேரை ஏற்றி, டயர் காற்றைக் கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு வைத்து ஓட வேண்டும். எண்ணெய்க் காசு உங்களுடையது என்று முதலே சொல்லிவிடுங்கள், மறுக்க மாட்டார்கள்.