இரவல் மெக்கரை வைத்துக்கொண்டு கான்ட்ராக்ட் தொடங்கலாமா?

காட்பாடி மேஸ்திரி:
நேற்று ஒரு தம்பி இங்கே எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. "வேலை மந்தமாக இருக்கும்போதுதான் சொந்தமாக எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் தொடங்கணும். கையில் 50 ஆயிரம் இருந்தால் போதும். மெக்கரைக்கூட யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறார். 50 ஆயிரத்தை விடுங்கள். மெக்கர் என்பது வயரின் மேலுறை (இன்சுலேஷன்) கரண்டைக் கசியவிடுகிறதா என்று பார்க்கும் மீட்டர். மெக்கரை இரவல் வாங்கலாமா? 22 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மெக்கர் இல்லாதவன் வயர் இழுக்கிற ஆள், கான்ட்ராக்டர் இல்லை. லைனில் 500 வோல்ட் ஒரு நிமிஷம் கொடுத்து, இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறையவில்லை என்று பார்த்த பிறகுதான் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் படுத்துத் தூங்குகிறது.

ராணிப்பேட்டை டிப்ளமா:
அந்தத் தம்பி நான்தான் அண்ணே. சிப்காட்டில் பேனல் போர்டு பண்ணுகிற கம்பெனியில் இருந்தேன். ஆர்டர் குறைந்து வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று ஆக்கிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதா? பெரிய ஆட்கள் சின்ன வேலைக்கு வருவதில்லை. பழைய வீட்டில் ரீவயரிங், ஏசிக்குத் தனி லைன், ஒரு பேஸை மூன்று பேஸாக மாற்றுவது எல்லாம் மந்தத்திலும் நிற்காது. வேலூர் வெயிலில் யாரும் ஏசி இல்லாமல் இருக்கப்போவதில்லை. மாதத்தில் இரண்டு நாள் தேவைப்படும் மெக்கருக்காகப் பணத்தை முடக்குவதை விட அந்தப் பணத்தில் நாலு காயில் வயர் வாங்கலாம்.

காட்பாடி மேஸ்திரி:
மாதத்தில் இரண்டு நாளா? எனக்கு வாரத்தில் நாலு நாள் மெக்கர் வெளியே வருகிறது.

வாலாஜா கணக்கு:
இரண்டு பேரும் எதைக் கான்ட்ராக்ட் என்று சொல்கிறீர்கள்? ஒரு லைட்டுக்கு, ஒரு பிளக்குக்கு இவ்வளவு என்று பாயிண்ட் கணக்கில் லேபர் மட்டும் எடுப்பதா, மெட்டீரியலோடு எடுப்பதா? லேபர் மட்டும் என்றால் ஜிஎஸ்டிக்கான 20 லட்ச வரம்பை முதல் வருஷம் தொடமாட்டீர்கள். மெட்டீரியலோடு எடுத்தால் சீக்கிரம் தாண்டிவிடும், 18 சதவீதம் போட்டு பில் கொடுக்கணும். காப்பர் விலை ஏறினால் கொட்டேஷனில் எழுதிய விலைக்கு மேல் வருவது உங்கள் தலையில்தான். இதைப் பிரிக்காமல் பேசினால் எப்படி?

காட்பாடி மேஸ்திரி:
அதெல்லாம் அப்புறம்மா. முதலில் மெக்கர் விஷயம் முடியட்டும். தம்பி, கான்ட்ராக்டர் லைசென்ஸுக்குச் சென்னையில் உள்ள மின் லைசென்ஸ் போர்டுக்கு எழுதிப் போடும்போது மெக்கர், எர்த்தை அளக்கும் எர்த் டெஸ்டர், கரண்டை அளக்கும் டாங் டெஸ்டர் எல்லாம் சொந்தமாக இருக்கணும், சோதனைச் சான்றும் காட்டணும். இரவல் மெக்கருக்கு யார் சான்று கொடுப்பார்?

ராணிப்பேட்டை டிப்ளமா:
இன்றைக்கே லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்று நான் எங்கே சொன்னேன்? லைசென்ஸ் உள்ள ஒருவருக்குக் கீழே வேலை எடுத்துச் செய்து, கொஞ்சம் சேர்த்து, அப்புறம் எடுப்பேன். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

காட்பாடி மேஸ்திரி:
நான் அப்படி வளரவில்லை.

ஆம்பூர் பாய்:
நீங்கள் எல்லாம் வேலூர் கணக்கைப் பேசுகிறீர்கள். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது அடி வாங்கிய எங்கள் பக்கம் ஷூ கம்பெனிகளின் நிலைமை தெரியுமா? நான் பார்க்கும் இரண்டு யூனிட்டில் மெயின்டனன்ஸ் பில்லே நிற்கிறது. மோட்டார் எரிந்தால்தான் கூப்பிடுகிறார்கள். இந்த நேரத்தில் புதிதாக இறங்கு என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது பாவம். மெக்கர் சொந்தமா இரவலா என்பது வேலை இருப்பவனுக்கு வரும் கவலை.

காட்பாடி மேஸ்திரி:
பாய், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அது தோல் தொழிலின் மந்தம். 2019-லேயே நீங்கள் திருப்பத்தூர் மாவட்டம் ஆகிவிட்டீர்கள். வேலூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, காலேஜ் இருக்கிறது, வேலை வேறு மாதிரி.

ஆம்பூர் பாய்:
மாவட்டம் பிரிந்தால் வயிறும் பிரிந்துவிடுமா? வடாற்காடு முழுக்க ஒரே பிழைப்பாக இருந்ததைப் பார்த்தவன் நான். 1996-ல் சுப்ரீம் கோர்ட் இங்கிருந்த தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டு, சுத்திகரிப்பு வசதி இல்லாததை மூடச் சொன்னபோது, என் வாப்பா மோட்டார் வைண்டிங் கடையை ஏழு மாதம் பூட்டி வைத்தார். தொழிற்சாலை நின்றால் வைண்டிங் கடை நிற்கும், வயர் கடை நிற்கும், டீக்கடையும் நிற்கும். அப்போது காட்பாடிக்காரர்களும் எங்களிடம்தான் வேலை கேட்டு வந்தார்கள், மறந்துவிடாதீர்கள்.

காட்பாடி மேஸ்திரி:
நான் யாரிடமும் வேலை கேட்டு வந்ததில்லை பாய். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் பாய்:
உங்களைச் சொன்னேனா? ஊரைச் சொன்னேன்.

குடியாத்தம் சோலார்:
நடுவில் ஒரு வார்த்தை. வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். மந்தத்திலும் நகரும் வேலை இதுதான். தம்பி இதில் இறங்கலாம்.

காட்பாடி மேஸ்திரி:
அதற்கும் வெண்டார் பதிவு வேணும். அங்கேயும் எர்த் பார்க்கணும், மெக்கர் போடணும். பேனலிலிருந்து வரும் டிசி பக்கம் வோல்டேஜ் எவ்வளவு என்று தெரியுமா? இரவல் மெக்கரோடு கூரை மேல் ஏறுவாரா?

ராணிப்பேட்டை டிப்ளமா:
அண்ணே, எங்கே போனாலும் மெக்கரிலேயே வந்து நிற்கிறீர்கள். மல்ட்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது. சின்ன வேலைக்கு அது போதும்.

காட்பாடி மேஸ்திரி:
இதைத்தான் எதிர்பார்த்தேன். மல்ட்டிமீட்டர் போதுமா? அது சின்ன பேட்டரியில் அளக்கும். ஒரு கீசர் காயிலை அதில் பார், ஓம் சரியாகக் காட்டும், நல்ல காயில் என்பாய். அதே காயிலில் உள்ளே ஈரம் இறங்கியிருந்தால் மெக்கரில் 500 வோல்ட் கொடுக்கும்போதுதான் விழும். சத்துவாச்சாரியில் ஒரு வீடு. மழைக்காலம், பாத்ரூம் குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது என்றார்கள். எனக்கு முன்னால் போன இரண்டு பேரும் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிக் காசு வாங்கிப் போயிருக்கிறார்கள். கரண்ட் கசிந்தால் தானே சப்ளையை நிறுத்தும் ஆர்சிசிபி அந்த வீட்டில் கிடையாது. எர்த் குழி பாறை மேல் பேருக்குத் தோண்டியது, வெயில் காலத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியவர் யாரும் இல்லை. நான் மெக்கர் வைத்தேன், முள் கீழேயே கிடந்தது. சுவருக்குள் ஜாயிண்ட், அதன் மேல் ஈரம், கீசர் காயிலிலும் லீக். அந்த வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. இதெல்லாம் தெரிந்த பிறகும் இரவல் என்று சொல்வாயா?

ராணிப்பேட்டை டிப்ளமா:
அந்த வீட்டில் மெக்கர் வைத்துப் பார்த்தது சரிதான் அண்ணே. அந்த மெக்கர் சொந்தமா இரவலா என்று சுவருக்குத் தெரியுமா?

காட்பாடி மேஸ்திரி:
எனக்குத் தெரியும். 2011-ல் ஒருவர் என் மெக்கரை ஒரு நாளைக்கு என்று வாங்கிக்கொண்டு போனார். பதினாறு நாள் கழித்து வந்தது. சப்ளை இருந்த லைனில் வைத்து எரித்திருந்தார். அந்த வாரம் எனக்கு மூன்று வீட்டு ரிப்போர்ட் நின்றது. ஒரு பில்டர் அதைச் சாக்காக வைத்து என் பாக்கியைப் பிடித்துக்கொண்டார். இன்றுவரை வரவில்லை.

ராணிப்பேட்டை டிப்ளமா:
அதற்கு நானா பொறுப்பு? யாரோ உங்கள் மெக்கரை எரித்ததற்கு நான் தொழிலே தொடங்கக் கூடாதா?

காட்பாடி மேஸ்திரி:
தொடங்கக் கூடாது என்று சொல்லவில்லை. மெக்கர் வாங்கிவிட்டுத் தொடங்கு என்கிறேன். நானே 2009-ல், ஊரே படுத்திருந்தபோதுதான் தொடங்கினேன்.

ஆம்பூர் பாய்:
அப்படியானால் மந்தத்தில் தொடங்கலாம் என்று நீங்களும்தானே சொல்கிறீர்கள்? இவ்வளவு நேரம் எதற்குச் சண்டை?

காட்பாடி மேஸ்திரி:
மெக்கரோடு தொடங்கினேன் பாய். மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கிய மெக்கர்.

வாலாஜா கணக்கு:
அண்ணா, நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். எங்களை முடக்கியது பில்தான். 2020 மார்ச் ஊரடங்கில் ஒரு பள்ளிக்கட்டட வேலையில் எங்கள் மூன்று லட்சம் நின்றது. வேலை முடிந்திருந்தது, ரிப்போர்ட்டும் கொடுத்தாயிற்று. மெக்கர் சொந்தமாகத்தான் வைத்திருந்தோம். சனிக்கிழமை கூலிக்கு ஆள் நான்கு பேர் வாசலில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் வண்டியை விற்றுக் கொடுத்தார். தம்பி, அட்வான்ஸ் வாங்காமல் ஒரு பைப் கூடப் புதைக்காதே. ஸ்லாப் பைப்புக்கு ஒரு தொகை, வயர் இழுத்ததும் ஒரு தொகை, சுவிட்ச் போர்டு மாட்டும் முன் பாக்கி என்று எழுதி வாங்கிக்கொள். சிறு தொழிலுக்கான உதயம் பதிவு செய்துவை.

ராணிப்பேட்டை டிப்ளமா:
சரி அக்கா. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

காட்பாடி மேஸ்திரி:
அக்கா சொன்னால் எழுதி வைத்துக்கொள்கிறாய். 22 வருஷக்காரன் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாய்.

ராணிப்பேட்டை டிப்ளமா:
அக்கா என்னை வயர் இழுக்கிற ஆள் என்று சொல்லவில்லை அண்ணே. வயர் இழுப்பது எனக்குக் கேவலமும் இல்லை. நாளைக்குக் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜுக்குப் போகிறேன். 18 ரூமுக்குக் கீசர் லைன் பார்க்கணும். குளிர் தொடங்கும் முன் முடிக்கச் சொல்கிறார்கள். மெக்கருக்குச் சத்துவாச்சாரியில் ஒரு அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

காட்பாடி மேஸ்திரி:
எந்த அண்ணன்? அந்த மெக்கரைக் கடைசியாக எப்போது டெஸ்ட்டுக்குக் கொடுத்தார் என்று கேட்டாயா? 18 ரூம் கீசர் தம்பி. கேட்டாயா இல்லையா?