ரெட் டாட் சைட்: செம்புள்ளி வேண்டாம், பொட்டுக்கண்ணாடி போதும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

துப்பாக்கியில் குறி பார்க்க மாட்டும் சிறு கருவியான ரெட் டாட் சைட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டு நான் இழை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. 'செம்புள்ளிக் குறிகாட்டி' என்று முடித்துவிடலாம் என்றுதான் பெரும்பாலோர் எழுதியிருக்கிறீர்கள். நானும் முதலில் அதைத்தான் வைத்திருந்தேன். அதைத் தாளில் எழுதி ஒருவர் கையில் கொடுத்து, அசடு வழிந்த பிறகுதான் மனம் மாறினேன். அந்தக் கதையைச் சொன்னால் என் கட்சி புரியும்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். இங்கே கடலை போட்டாலும் கிழங்கு போட்டாலும் பாதி காட்டுப்பன்றிக்கு. 2022 மே மாதம் கேரள அரசு ஒரு முடிவு எடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர் கைக்கே வந்தது. பட்டியலில் உள்ள, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்தான் சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் எதுவும் கூடாது. எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அவரிடம் இருப்பது 12 போர் இரட்டைக்குழல்.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் சிறு மணி கண்ணுக்குத் தெரிவதில்லை என்று ஒரு ரெட் டாட் வாங்கினார். கூட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். "மாஷே, இதக் கொஞ்சம் தமிழ்ல எழுதிக் குடுங்க" என்று என்னிடம் நீட்டினார். நான் தமிழ் மீடியத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எழுதினேன்: 'செம்புள்ளியை இலக்கின் மீது வைக்கவும்.'

மறுநாள் சாயங்காலம் போனால், மனிதர் அதைத் துப்பாக்கியில் இன்னும் மாட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைச் சுவரைப் பார்த்து நிற்கிறார். வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்திருக்கிறார். "செவத்துல ஒண்ணும் விழலையே மாஷே. ரிப்பேர் சாமானத் தள்ளிட்டான்" என்கிறார். திருவிழாக் கடையில் விற்கும் லேசர் விளக்கு மாதிரி சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி விழும் என்று காத்திருந்திருக்கிறார். சாமானில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என் வாக்கியத்தில்.

இனி விஷயம். இந்தக் கருவியிலிருந்து இலக்கை நோக்கி எந்த ஒளியும் போவதில்லை. உள்ளே ஒரு சிறிய எல்.இ.டி. இருக்கிறது. அதன் ஒளி முன்னால் இருக்கும் வளைந்த கண்ணாடியில் பட்டு, சுடுகிறவர் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கண்ணாடியின் குவியத்தில் எல்.இ.டி. இருப்பதால் கதிர்கள் இணையாகத் திரும்புகின்றன. அதனால் பொட்டு கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகத் தோன்றாது. கண்காணாத தூரத்தில் மிதப்பதுபோல் இருக்கும். அதே கண்ணாடி வெளியே இருப்பதையும் காட்டுகிறது. சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு அதில் உண்டு. அதனால்தான் உள்ளே பார்த்தால் உலகம் லேசாக நீலம் பாய்ந்து தெரிகிறது.

அண்ணனை அங்கேயே திண்ணையில் உட்காரவைத்து, நாற்பது அடி தள்ளி நிற்கும் தென்னையைப் பார்க்கச் சொன்னேன். பொட்டைக் குலையில் வைத்துவிட்டு, கையை ஆட்டாமல் தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன். பொட்டு கண்ணாடிக்குள் ஓரத்துக்கு ஓரம் ஓடுகிறது, ஆனால் குலையை விட்டு இறங்கவில்லை. "அட" என்றார். துப்பாக்கியோடு வரும் வழக்கமான இரும்புக் குறியில் கண், பின்குறி, முன்குறி, இலக்கு என நான்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இதில் அந்தப் பாடு கிடையாது. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே பார்க்கலாம். கிட்டத்தில் கொஞ்சம் இடமாறு தோற்றப் பிழை உண்டு, அதாவது தலை அசைந்தால் பொட்டும் இலக்கில் சற்று நகரும். பன்றிக்கு அது பொருட்டில்லை.

இதை வைத்துப் பார்த்தால் 'குறிகாட்டி' ஏன் சரிப்படாது என்பது புரியும். காட்டி என்றால் எதையோ சுட்டிக்காட்டுவது. சுவரில் புள்ளி விழும் என்று அண்ணன் எதிர்பார்த்ததில் தப்பே இல்லை. போதாததற்கு, வளர்ச்சிக் குறிகாட்டி, சுகாதாரக் குறிகாட்டி என்று அரசு அறிக்கைகள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன. சேலத்து நண்பர் சொன்ன 'இலக்குநோக்கி' அழகுதான். ஆனால் தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று பழகியவர்கள் 'நோக்கி' என்றதும் பெரிதாகத் தெரியும் என்று நினைப்பார்கள். இதில் உருப்பெருக்கமே கிடையாது. லேசர் வகைக்கு வேண்டுமானால் 'சீரொளிக் குறிகாட்டி' என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிஜமாகவே இலக்கில் புள்ளி வைத்துக் காட்டுகிறது.

'செம்' என்பதும் நிற்காது. பச்சைப் பொட்டு உள்ளவையும் கடையில் கிடைக்கின்றன. 'பச்சைச் செம்புள்ளி' என்றா எழுதுவது? 

அண்ணன் அன்று அந்தச் சாமானைச் சொன்ன பெயர் 'பொட்டுக்கண்ணாடி'. முதலில் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் யோசித்தேன். கண்ணாடி என்று தமிழில் முகம் பார்ப்பதையும் சொல்கிறோம், ஜன்னலில் போடுவதையும் சொல்கிறோம், மூக்கில் மாட்டுவதையும் சொல்கிறோம். இந்தக் கருவி மூன்றுமாக இருக்கிறது. எல்.இ.டி.க்கு அது ஆடி, பன்றிக்கு அது ஜன்னல், கண்ணுக்கு முன்னால் நிற்பதால் மூக்குக்கண்ணாடிக்குப் பங்காளி. இத்தனையும் ஒரே சொல்லுக்குள் தானாக அமைவதெல்லாம் அபூர்வம். பொட்டு இருக்கும் இடம் கண்ணாடி, பன்றியின் முதுகு இல்லை என்பதையும் பெயரே சொல்லிவிடுகிறது. பூதக்கண்ணாடி என்ற சொல்லை யாரும் மனப்பாடம் செய்து கற்கவில்லை. இதுவும் அப்படி நிற்கும்.

புள்ளி ஏன் வேண்டாம்? புள்ளிக்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். இங்கே அகலம்தான் முக்கியம். வாங்கும்போதே 2, 3, 6 எம்.ஓ.ஏ. (பொட்டின் அகலத்தைச் சொல்லும் கோண அளவு) என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பொட்டு என்றால் சின்னப் பொட்டு, பெரிய பொட்டு எல்லாம் உண்டு. மலையாளத்திலும் அது பொட்டுதான், எங்கள் ஊருக்கு அது கூடுதல் வசதி. 'பொட்டுன்னு போயிடும்' என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். பன்றிக்குத்தானே, போகட்டும்.

எம்.ஓ.ஏ. என்பதற்குப் புதிதாக எதுவும் படைக்க வேண்டியதில்லை. பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை என்று பஞ்சாங்கக்காரர்கள் காலங்காலமாகச் சொல்கிறார்கள். எம்.ஓ.ஏ. அதே கோணம்தான். '6 கலைப் பொட்டு' என்று எழுதினால் முடிந்தது. ஒரு கலை 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 செ.மீ. மறைக்கும். அப்படியானால் 6 கலைப் பொட்டு 30 மீட்டரில் ஐந்து செ.மீ.க்குச் சற்று மேல். இரட்டைக்குழலுக்கு அது கெடுதல் இல்லை, கண்ணுக்கு வேகமாகப் பிடிபடும். தூரத்தில் சின்ன இலக்கைச் சுடும் ரைஃபிளுக்கு 2 கலை நல்லது.

அண்ணன் வாங்கியது விளக்குக்கு மூடி இல்லாத திறந்த வகை. எங்கள் ஊருக்கு அது சரியான தேர்வில்லை என்பேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும்போது எல்.இ.டி.யின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் உட்கார்ந்தால் போதும், பொட்டு கலைந்துவிடும், இல்லையென்றால் காணாமலே போய்விடும். மூடிய வகையில் விளக்கு இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பத்திரமாக இருக்கும். இன்னொன்று, இருட்டில் வெளிச்சத்தைக் குறைத்து வைக்க வேண்டும். ஏற்றிவிட்டால் பொட்டு பூத்து, பின்னால் நிற்பது பன்றியா, பக்கத்து வீட்டு நாயா என்பதே தெரியாது. பொட்டு எதற்கும் வெளிச்சம் கொடுக்காது, டார்ச் தனியாக வேண்டும்.

எனக்கே ஒரு அனுபவம். நான் பார்த்தபோது பொட்டு வட்டமாக இல்லை, காற்புள்ளி மாதிரி வால் நீட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை நான்தான் சாமானைக் குறை சொன்னேன். அண்ணன் பேரன் கண்ணாடி வழியாகப் போனில் படம் எடுத்தான். படத்தில் பொட்டு முழு வட்டம். கோளாறு என் கண்ணில், பார்வைச் சிதறல் (அஸ்டிக்மேடிசம்). இதை வாங்க நினைக்கிறவர் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகலாம்.

இவ்வளவு புதிய சாமானுக்கு இப்படி நாட்டுப்புறப் பெயரா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். சாமான் அவ்வளவு புதியதில்லை, அம்மா. டப்ளினில் தொலைநோக்கி செய்துகொண்டிருந்த ஹோவர்டு கிரப் 1900லேயே இதன் அடிப்படையைக் கண்டுபிடித்துவிட்டார். எல்.இ.டி. வைத்த வடிவத்தை 1975ல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் கொண்டுவந்தது. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து வந்ததுதான். மலையாளிகளின் தோக்கும் அதே வழி. நாட்டுப்புறம் எங்கே தொடங்குகிறது என்று யார் சொல்வது?

இரண்டாவது தாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் வரி: 'பொட்டு கண்ணாடிக்குள் தெரியும், பன்றி மேல் விழாது.' அண்ணன் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். ஜீரோ செய்வதற்கு, அதாவது குண்டு படும் இடத்தோடு பொட்டை ஒத்துவரச் செய்வதற்கு, 'குறி சேர்த்தல்' என்று போட்டிருந்தேன். "உன்னம் சேக்கறதுன்னு எழுதுனாத்தான எங்களுக்கு வெளங்கும்" என்றார். உன்னம் என்பது மலையாளத்தில் குறி. நமக்கு உன்னிப்பு இருக்கிறது, என் காதுக்கு இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தாளில் 'உன்னம் சேர்த்தல்' என்று திருத்திவிட்டேன். நம் பட்டியலில் எதைப் போடுவது என்று நீங்கள் சொல்லுங்கள்.