3.2 மி.மீ. மழைக்கு ‘அதி கனமழை’ என்று வருகிறது: எக்செல் ஃபார்முலா உதவி

தூறல்:
பி பத்தியில் தினசரி மழையளவு, மி.மீ. கணக்கில். இந்திய வானிலைத் துறை வரையறைப்படி வகை பிரிக்க இஃப்-க்குள் இஃப் வைத்திருக்கிறேன்: =இஃப்(பி2>=204.5,"அதி கனமழை",இஃப்(பி2>=115.6,"மிக கனமழை",இஃப்(பி2>=64.5,"கனமழை"... இப்படிக் கடைசியில் ‘மழையில்லை’ வரை. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய சில வரிகளில் மட்டும் 3.2க்குக்கூட ‘அதி கனமழை’ வருகிறது. எங்கே பிசகு?

கணக்குப்பிள்ளை:
ஃபார்முலாவில் பிசகில்லை. அந்த 3.2 எண்ணாக இல்லை, எழுத்தாக இருக்கிறது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செல்லுக்கு எப்போதும் எழுத்துதான் பெரிது. முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடும். =இஸ்நம்பர்(பி2) போட்டுப் பாருங்க, ஃபால்ஸ் வரும். பத்தியைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ், நேரே ஃபினிஷ். அதற்கும் மசியாவிட்டால் இணையப் பக்கத்தின் இடைவெளிக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். இடைவெளி நீக்கும் ட்ரிம் அதைத் தொடாது; =வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(பி2,சார்(160),"")) போடணும்.

மேகம்:
ஏழு வகைக்கு ஆறு இஃப் எதற்கு? ஈ2 முதல் ஈ8 வரை கீழெல்லைகளை எழுதுங்க: 0, 0.1, 2.5, 15.6, 64.5, 115.6, 204.5. பக்கத்தில் எஃப் பத்தியில் மழையில்லை, மிக லேசான மழை, லேசான மழை, மிதமான மழை, கனமழை, மிக கனமழை, அதி கனமழை. பிறகு, இந்தப் பட்டியலில் தேடி வகையை எடுத்துத் தரும் விலுக்அப்:
=இஃப்(இஸ்நம்பர்(பி2),விலுக்அப்(பி2,$ஈ$2:$எஃப்$8,2,ட்ரூ),"தகவல் இல்லை")
ஈ பத்தி ஏறுவரிசையில் இருந்தே ஆகணும். மாறிக் கிடந்தால் பிழை காட்டாது, தப்பான வகையைச் சத்தமில்லாமல் தரும், அதுதான் ஆபத்து. ட்ரூ இருக்குமிடத்தில் ஃபால்ஸ் போட்டால் அச்சுஅசலாகப் பொருந்தும் எண்ணுக்கு மட்டும் விடை, மற்றதெல்லாம் #என்/ஏ. டாலர் குறியை விட்டால் கீழே இழுக்கும்போது அட்டவணையும் நகரும். உங்கள் இஃப் காலி செல்லை ‘மழையில்லை’ என்றுதான் எடுத்திருக்கும். அளவு பதிவாகாத நாள் மழையற்ற நாள் ஆகாதே, அதற்குத்தான் இஸ்நம்பர்.

தூறல்:
சார்(160)தான் காரணம், சரியாகிவிட்டது. சில நாள்களுக்குச் செய்திக்குறிப்பில் வரும் செ.மீ. அளவுதான் இருக்கிறது. 10ஆல் பெருக்கிச் சேர்க்கலாமா?

மேகம்:
எல்லையோரத்தில் இடறும். அவை முழு எண்ணாக்கிய அளவுகள். 204.4, 204.7 இரண்டுமே 20 செ.மீ. ஆகிவிடும், பெருக்கினால் 200, அதாவது மிக கனமழை. இரண்டாவது உண்மையில் அதி கனமழை. காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் பெய்த 946 மி.மீ. மாதிரி அளவுக்கு இந்தக் கவலையே இல்லை. 2, 6, 12, 20 செ.மீ. என்று வருபவற்றை மட்டும் மி.மீ. பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்க.