ஆஸ்திரேலியாவில் சப்போர்ட் வொர்க்கர் வேலை: சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டியது

சிட்னிக்கோ மெல்பேர்னுக்கோ வந்து இறங்கிய சில வாரங்களிலேயே நம்மவர்களில் பலர் என்.டி.ஐ.எஸ். எனப்படும் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் சப்போர்ட் வொர்க்கர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். பின்னணிச் சோதனை, முதலுதவிச் சான்றிதழ், இத்திட்டத்தைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் இலவச இணையவழிப் பாடம் ஆகியவற்றை முடிப்பது பெரிய காரியமன்று. நேர்காணலில் மணிக்கு எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன், முதல் சில மாதங்கள் எனக்கு வழிகாட்டியாக யார் இருப்பார் என்று கேளுங்கள்.

அனுபவசாலியின் பின்னால் ஓரிரு ஷேடோ ஷிஃப்ட் நின்றுவிட்டு வருவதையே பல இடங்களில் பயிற்சி என்கிறார்கள். ஆளைத் தூக்கி இடம் மாற்றும் ஹாய்ஸ்ட் கருவியை இயக்குவதை அப்படிக் கற்றுக்கொள்ளலாம். எப்போது கை நீட்டக் கூடாது என்பதைக் கற்க முடியாது. நம் வீடுகளில் அன்பு என்றால் எடுத்துச் செய்து கொடுப்பதுதான். நான் பார்த்துக்கொண்ட இளைஞர் ஒருவர் சட்டைப் பொத்தானோடு பத்து நிமிடம் போராடுவதைப் பொறுக்காமல் நானே மாட்டிவிட்டேன். என் வழிகாட்டியான மூத்த பெண்மணி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு, "நாளைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்" என்றார். மறுநாள் அப்படியே நின்றேன். அந்தப் பத்து நிமிடம் அந்த இளைஞருடையது என்பது அன்றுதான் உறைத்தது.

வழிகாட்டி உங்கள் ரோஸ்டரை, அதாவது வேலை நேரப் பட்டியலைப் போடும் மேலாளராக இல்லாமலிருப்பது நல்லது. பதிவுபெற்ற நிறுவனங்கள் கடுமையான காயம், துன்புறுத்தல் போன்றவற்றை அறிந்த 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் புதிதாக வந்தவரோ, எழுதிக் கொடுத்தால் வேலையும் விசாவும் போய்விடுமோ என்று அஞ்சி வாய்மூடி இருந்துவிடுகிறார். அந்த அச்சத்தை மேலாளரிடம் யார்தான் சொல்வார்கள்?

ஏ.பி.என். என்ற தொழில் பதிவு எண் எடுத்து, நிறுவனத்தில் சேராமல் தனியாகச் செய்யுங்கள், கையில் அதிகம் நிற்கும் என்று யாராவது ஆசை காட்டினால் அவசரப்படாதீர்கள். ஓய்வூதியச் சேமிப்பும் காயத்துக்கான காப்பீடும் அப்போது பெரும்பாலும் உங்கள் பொறுப்பாகிவிடும். சந்தேகம் வந்தால் தொலைபேசியில் அழைக்கவும் ஆள் இருக்காது.

வழிகாட்டி கிடைத்துவிட்டால், உங்கள் ஷிஃப்ட் குறிப்புகளை முதல் மாதம் அவரிடம் படிக்கக் கொடுங்கள். "கோபமாக இருந்தார்" என்று நான் பார்த்துக்கொண்டவரைப் பற்றி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அவர் என்ன செய்தார், அதற்கு முன் அறையில் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார் அந்தப் பெண்மணி. எழுதிப் பார்த்தபோது, பக்கத்து அறையில் வாக்யூம் கிளீனர் ஓடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.