தேன்மொழி கல்யாணம்: குடும்பக் குழு

புஷ்பா அத்தை: காரைக்குடியிலிருந்து சம்பந்தி வீட்டார் வெள்ளி ராத்திரி சிங்கப்பூர் வருகிறார்கள். ஆறு பேர். சனிக்கிழமை காலை ஊர் பார்க்க யார் கூட்டிக்கொண்டு போவது?

கவிதா: எனக்கு மருதாணி இருக்கிறது அத்தை

சேகர்: முஸ்தபா கடை போதும்

ராஜன் பெரியப்பா: முஸ்தபாவுக்கு ராத்திரி போகலாம். காலையில் சிட்டி ஹால் பக்கம். சம்பந்தி பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் கொத்தனார், அவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலில் அங்கே இருந்த தேவாலயத்தில் இரண்டு தடவை இடி விழுந்து, அதை இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பதை 1856இல் தொடங்கிக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிகள். சுவருக்கு மதராஸ் சுண்ணாம்பு. மணலே கிடையாது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மினுக்கியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் பார்த்தவருக்கு இது உடனே புரியும்.

சேகர்: பெரியப்பா, சுருக்கமா 🙏

அருண்: இப்பவும் அதே பூச்சா தாத்தா?

ராஜன் பெரியப்பா: நடுவில் மராமத்து நடந்திருக்கிறது கண்ணு. எது பழையது என்று சம்பந்தியிடமே கேட்போம்.

புஷ்பா அத்தை: கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் கைதி கதையா அண்ணா? முதலில் மாரியம்மன் கோயில்.

ராஜன் பெரியப்பா: கோயிலுக்கும் போவோம். 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது. ஆனால் கைதி என்று ஒதுக்காதே புஷ்பா. ஊர் உறவை எல்லாம் விட்டு வந்தவர்கள். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது, வேலை மட்டும் நிற்கிறது.

கவிதா: ❤️

அருண்: சிங்கப்பூர் ஆற்றில் கல் வீசிய பலசாலி பாடாங் கதையும் சொல்லுங்கள். ஸ்கூலில் படித்தோம்.

ராஜன் பெரியப்பா: சபாஷ். கலிங்கத்திலிருந்து வந்த மல்லனோடு போட்டி. பாடாங் பெரிய கல்லைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்துக்கே வீசினானாம். அங்கே எழுத்து பொறித்த கல் ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதைத்தான் அந்தக் கல் என்பார்கள். 1843இல் வெள்ளைக்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்தை இன்றுவரை யாரும் முழுதாகப் படிக்கவில்லை.

சேகர்: அப்போ நம்ம பக்கத்து ஆள் தோற்றுவிட்டாரா 😄

புஷ்பா அத்தை: இதை மட்டும் சம்பந்தியிடம் சொல்லிவிடாதீர்கள்

ராஜன் பெரியப்பா: கலிங்கம் வேறு, காரைக்குடி வேறு.

ஆனந்தி சித்தி: வேன் யார் சொல்வது?

சேகர்: போன தடவை நான்

ஆனந்தி சித்தி: அந்தக் காசு…
(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கவிதா: சித்தி, பார்த்துட்டேன் 😂

புஷ்பா அத்தை: காசுப் பேச்சு இங்கே வேண்டாம்

ராஜன் பெரியப்பா: எம்ஆர்டி ரயிலிலேயே போகலாம். ஸ்டேஷனை விட்டு ஏறினால் எதிரே தேவாலயம்.

ஆனந்தி சித்தி: சம்பந்தி அம்மாவுக்கு முட்டி வலி மாமா

ராஜன் பெரியப்பா: லிஃப்ட் இருக்கிறது. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் பார்த்துவிடலாம்.

சேகர்: சனிக்கிழமை உள்ளே விடுவார்களா?

ராஜன் பெரியப்பா: நாளைக்குப் போன் செய்து கேட்கிறேன்.

புஷ்பா அத்தை: சரி, கோயில் முதலில். மற்றது அப்புறம் பார்ப்போம். கவிதா, மல்லிகைப்பூ எத்தனை முழம் சொல்லியிருக்கிறாய்?